நாலு பக்கம் அளந்தால் போதாது: டேப் பிடித்து மனையும் காடும் அளக்க முழுமையான வழிகாட்டி

வீட்டு வேலைக்கு மனை அளந்து நூல் கட்டிக் கொடுப்பது என் தொழில். காங்கேயம், ஊதியூர், தாராபுரம் பக்கம்தான் அதிகம் போவேன். என்னோடு டேப் பிடிக்க வரும் பையன்களும், சொந்தமாக அளந்து பார்க்க நினைக்கும் மனைக்காரர்களும் அதே நாலைந்து இடங்களில் இடறுவதைப் பல வருடமாகப் பார்க்கிறேன். அந்த இடங்களை மனதில் வைத்து, வேலை நடக்கும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன்.

5 சென்ட் மனையிலிருந்து அரை ஏக்கர் காடு (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம்) வரைக்கும் இந்த முறை போதும். வாங்குவதற்கு முன்போ, வேலி போடுவதற்கு முன்போ, வீட்டுக்கு வானம் (அஸ்திவாரக் குழி) தோண்டுவதற்கு முன்போ நம் கணக்கு நமக்குத் தெரிய வேண்டும் என்பதற்கான அளவு இது. எல்லைத் தகராறு இருந்தால் செய்ய வேண்டியது வேறு. அதை 10-ஆம் பகுதியில் சொல்கிறேன்.

1. முதலில் காகிதம், பிறகு டேப்

காட்டுக்குப் போவதற்கு முந்தின நாளே மூன்றை எடுத்து வையுங்கள்: பத்திர நகல், பட்டா, எஃப்.எம்.பி. எனும் புலப்படம். பட்டாவையும் புலப்படத்தையும் தமிழ்நாடு அரசின் இணையச் சேவைத் தளத்திலேயே எடுக்கலாம். எங்கே கல் இருக்க வேண்டும், எந்தப் பக்கம் எவ்வளவு வர வேண்டும் என்று தெரியாமல் அளந்தால், தப்பு நடந்தது தெரியாமலே வீடு வந்து சேர்வோம்.

பத்திரத்தின் செக்குபந்தியில், அதாவது நாலு பக்க எல்லை விவரம் எழுதிய பகுதியில், இப்படி இருக்கும்: "கிழமேலடி வடபுறம் 62½, தென்புறம் 58¼, தென்வடலடி கீழ்புறம் 81, மேல்புறம் 84¾." புதியவர்கள் இதில் இரண்டு தப்பு செய்வார்கள்.

ஒன்று, 'மேல்புறம்' என்பதை வடக்கு என்று நினைப்பது. காகிதத்தில் மேலே இருப்பது வடக்கு என்று பள்ளிக்கூடத்தில் படித்த பழக்கம். பத்திரத்தில் மேல்புறம் மேற்கு, கீழ்புறம் கிழக்கு. இரண்டு, கிழமேலடியைக் கிழக்குப் பக்கத்தின் நீளம் என்று எடுப்பது. கிழமேலடி என்றால் கிழக்கு மேற்காக ஓடும் நீளம். அது கிடப்பது வடக்கு, தெற்குப் பக்கங்களில்.

பழைய புலப்படமானால் எண்கள் லிங்க்ஸில் இருக்கலாம். ஒரு லிங்க் 7.92 இஞ்ச், அதாவது 0.66 அடி. நூறு லிங்க்ஸ் ஒரு செயின், 66 அடி. படத்தில் 150 என்று இருப்பது 150 அடி அல்ல, 99 அடி. புதிய படங்களில் எண்கள் மீட்டரில் இருக்கும். 25.4 என்று இருந்தால் அது 83 அடி 4 இஞ்ச். எந்த அலகு என்று படத்தில் பார்த்து, ஒவ்வொரு பக்கத்தையும் அடியாக மாற்றி முந்தின நாளே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். வெயிலில் நின்றுகொண்டு மாற்றும் கணக்கு பெரும்பாலும் தப்பும்.

புலப்படத்தின் அச்சுப் பிரதியில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். பிரிண்டரில் படம் சுருங்கியோ விரிந்தோ வந்திருக்கும். படத்தில் எழுதியிருக்கும் எண்ணை மட்டும் நம்புங்கள்.

2. கையில் என்ன இருக்க வேண்டும்

30 மீட்டர் டேப் ஒன்று, 5 மீட்டர் ஸ்டீல் டேப் ஒன்று, நைலான் நூல், பத்து முளைக்குச்சி, ஒரு சுத்தியல், தூக்குக்குண்டு, ஒரு பை சுண்ணாம்பு, ஒரு கொடுவாள், அட்டை வைத்த நோட்டு, பென்சில். வேர்த்த கை பட்டால் பேனா எழுத்து கலைந்துவிடும் என்பதால் பென்சில். அளக்க ஆள் இரண்டு வேண்டும். மூன்றாவது ஆள் இருந்தால் எழுதுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

30 மீட்டரில் ஃபைபர் டேப், ஸ்டீல் டேப் என்று இரண்டு வகை. ஃபைபர் கல்லிலும் முள்ளிலும் தாங்கும், மடங்காது, ஆனால் இழுத்தால் நீளும். ஸ்டீல் நீளாது, ஆனால் ஒருமுறை முறுக்கி மடங்கினால் அந்த இடத்தில் ஒடியும். மனைக்கு ஃபைபரே போதும் என்பது என் எண்ணம். டேப்பின் தொடக்கத்தில் வட்டத்துக்குள் ரோமன் எண் இருக்கிறதா பாருங்கள். அது துல்லியத்தின் தரம். இரண்டாம் தரமென்றால் 30 மீட்டருக்கு 6.3 மில்லிமீட்டர் வரை கூடவோ குறையவோ இருக்கலாம், மூன்றாம் தரமென்றால் 12.6 வரை. எண்ணே இல்லாத டேப்பை வாங்காதீர்கள்.

நேரமும் ஒரு கருவிதான். நம் பக்கம் ஆனியில் தொடங்கும் பாலக்காட்டுக் காற்று ஆடி முழுக்க நிற்காது. அந்தக் காற்றில் ஃபைபர் டேப் வில்லாக வளைந்து படபடக்கும். அந்த மாதங்களில் காலை ஆறு மணிக்கு நிலத்தில் இருங்கள். ஒன்பதுக்குள் நீளமான அளவுகளை முடித்துவிடலாம்.

3. பூஜ்யம் எங்கே என்று பாருங்கள்

டேப்பை நீட்டும் முன் அதன் நுனியைப் பாருங்கள். சில டேப்பில் வளையத்தின் வெளி விளிம்பே பூஜ்யம். சிலவற்றில் வளையம் முடிந்து நாலு விரற்கடை தள்ளித்தான் பூஜ்யக் கோடு அச்சாகியிருக்கும். இந்த வித்தியாசம் தெரியாமல் பிடித்தால் ஒவ்வொரு அளவிலும் மூன்று நான்கு இஞ்ச் தப்பும். எல்லா அளவிலும் ஒரே மாதிரி தப்புவதால் கண்டுபிடிப்பதும் கடினம்.

வளையம் பிய்ந்துபோன டேப்பை ஒரு அடியில் பிடித்து அளக்கும் வழக்கம் உண்டு. செய்யலாம். ஆனால் பிடிக்கிறவர் ஒவ்வொரு முறையும் "ஒரு அடி விட்டுப் பிடிச்சிருக்கறனுங்க" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். பத்து அளவில் ஒன்றில் கழிக்க மறப்பது நிச்சயம்.

5 மீட்டர் டேப்பின் கொக்கி ஆடுகிறதென்று ஆணியை அடித்து இறுக்கிவிடுகிறார்கள். அது கெட்டுப்போய் ஆடவில்லை. கொக்கியின் கனம் எவ்வளவோ அவ்வளவுதான் அது நகரும். கல்லின் விளிம்பில் மாட்டி இழுக்கும்போது வெளியே வரும், சுவரில் முட்டும்போது உள்ளே போகும். இரண்டு வழியிலும் சரியான அளவு வருவதற்காகவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

பழைய டேப்பானால் சிமெண்ட் தரையில் விரித்து, நல்ல ஸ்டீல் டேப்போடு பத்து மீட்டருக்கு ஒப்பிட்டுப் பாருங்கள். நீண்டுபோன டேப் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நீண்டிருக்கிறதே என்று அளவில் கழிப்பது தலைகீழ் வேலை, கூட்ட வேண்டும். ஆனால் இதற்காக ரொம்பக் கவலைப்பட வேண்டாம். 100 அடிக்கு ஒரு இஞ்ச் நீண்ட டேப் 10 சென்ட் மனையில் தரும் பிழை 7 சதுர அடிதான். அடியையும் இஞ்சையும் மாற்றி எழுதுவதால் வரும் பிழை இதைவிடப் பல மடங்கு.

4. டேப்பை எடுக்காமல் ஒரு சுற்று

முதல் சுற்று கொடுவாளோடு மட்டும் நடந்து மூலைக்கற்களைத் தேடுங்கள். நம் பக்கத்தில் கல் பெரும்பாலும் கிளுவைச் செடி வைத்து வளர்த்த வேலிக்குள் புதைந்திருக்கும், இல்லையென்றால் இட்டேரி (காடுகளுக்கு நடுவே போகும் வண்டித்தடம்) ஓரத்தில் மண்மூடிக் கிடக்கும். பக்கத்துக் காட்டுக்காரரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள். கல் எங்கே என்று அவருக்குத்தான் தெரியும். தவிர, அவருக்குத் தெரியாமல் அவர் எல்லையில் முளை அடிப்பது நாளைக்கு மனக்கசப்பாகும்.

அளவு கல்லிலிருந்து கல்லுக்கு. வேலியிலிருந்து வேலிக்கு அளக்காதீர்கள். கிளுவை வேலி வருடம் ஏற ஏற அகலமாகும், மூன்று நாலு அடிகூட ஆகிவிடும். அதில் எந்த ஓரம் எல்லை என்று வேலி சொல்லாது.

கல் கிடைக்காத மூலையில் ஊகமாக ஒரு முளை அடித்து, நோட்டில் அதற்கு நேராக 'கல் இல்லை' என்று எழுதுங்கள். செம்மண்ணில் முளை நிற்கும். கரிசல் வெடித்துக் கிடந்தால் ஒன்றரை அடி இறங்காமல் நிற்காது.

இப்போது நோட்டில் கைப்படம் போடுங்கள். அளவு எழுதும் முன்பே படம் இருக்க வேண்டும், எண்கள் அதன் மேல்தான் உட்கார வேண்டும். தனித்தனி வரியாக எழுதிக்கொண்டு போனால், சாயங்காலம் எந்த எண் எந்தப் பக்கம் என்று தெரியாது. மூலைகளுக்கு நம் மேஸ்திரிகள் சொல்லும் பெயரையே வைக்கலாம்: வடமேற்கு வாயு மூலை, வடகிழக்கு ஈசானி மூலை, தென்கிழக்கு அக்கினி மூலை, தென்மேற்கு கன்னி மூலை. டேப் பிடிக்கிற இருவருக்கும் இந்தப் பெயர்கள் தெரிந்திருப்பதால் கத்திச் சொன்னாலும் குழப்பம் வராது.

5. எண்ணை எழுதும் முறையை முதலில் பேசி முடிவு செய்யுங்கள்

இதற்கு ஒரு தனிப் பகுதி எதற்கு என்று தோன்றும். நான் பார்த்த பெரிய பிழைகளில் பாதி இங்கிருந்துதான் வந்தன.

40 அடி 6 இஞ்ச்சை 40.6 என்று எழுதுவது எங்கும் உள்ள வழக்கம். சாயங்காலம் கணக்குப் போடுகிறவர் கால்குலேட்டரில் 40.6 என்றே தட்டுவார். உண்மையில் அது 40.5. இதாவது ஒரு இஞ்ச் போல. 40 அடி 11 இஞ்ச் 40.11 ஆகிவிட்டால் பத்து இஞ்ச் காணாமல் போகிறது, ஏனென்றால் 11 இஞ்ச் என்பது 0.92 அடி. நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு வீட்டுக்கு இப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். தோண்டிய வானத்தைக் கொஞ்சம் மூடி மறுபடி தோண்ட வேண்டி வந்தது. அந்த ஒரு நாள் கூலியை நானே கொடுத்தேன்.

நிலத்தில் இருக்கும்போது 40–6 என்று நடுவில் கோடு போட்டு எழுதுங்கள், புள்ளியே வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்து கணக்கின்போது மட்டும் புள்ளி எண்ணாக மாற்றுங்கள். இஞ்ச்சை 12-ஆல் வகுத்தால் போதும்: 3 இஞ்ச் 0.25, 4 இஞ்ச் 0.33, 6 இஞ்ச் 0.5, 9 இஞ்ச் 0.75.

டேப்பின் ஒரு பக்கம் அடி, மறுபக்கம் மீட்டர். எழுதுபவர், படிப்பவர் சொன்ன எண்ணைத் திருப்பிச் சொல்லிவிட்டு எழுத வேண்டும். "அறுவத்திரண்டு ஆறு", "அறுவத்திரண்டு அடி ஆறு இஞ்ச்சுங்களா?", "ஆமா". இந்த மூன்று வார்த்தை இல்லாமல் எண் நோட்டில் ஏறக் கூடாது.

6. பக்கங்களை அளப்பது

பூஜ்யம் பிடிப்பவர் கல்லின் நடுவில் பிடிக்கட்டும். கல்லில் கூட்டல் குறி வெட்டியிருந்தால் சரியாக அதன் மேல். மற்றவர் நேராகப் போய் அடுத்த கல்லில் நின்று, தொய்வு போகும் அளவுக்கு இழுக்க வேண்டும். ஃபைபர் டேப்பைப் பலம் கொண்ட மட்டும் இழுத்தால் நீளும், தளர விட்டால் தொங்கும். 100 அடியில் நடுவில் ஒரு அடி தொங்கினால் ஒரு இஞ்ச்சில் மூன்றில் ஒரு பங்குதான் கூடும். இரண்டு அடி தொங்கினால் ஒன்றேகால் இஞ்ச் கூடிவிடும். பக்கவாட்டில் ஒரு செடி டேப்பை நடுவில் இரண்டு அடி தள்ளினாலும் ஒரு இஞ்ச் கூடும். செடியை ஒடித்துவிட்டு அளங்கள், சுற்றிக்கொண்டு போகாதீர்கள்.

பக்கம் டேப்பைவிட நீளமாக இருந்தால் முதலில் கல்லுக்குக் கல் நூல் கட்டுங்கள். நூலின் ஓரமாகவே டேப் போக வேண்டும். ஒவ்வொரு முழு டேப்புக்கும் ஒரு முளை. பின்னால் வருகிறவர் அந்த முளையைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டே வர வேண்டும். கடைசியில் அவர் கையில் எத்தனை முளையோ அத்தனை முழு டேப். வாயால் எண்ணினால் நடுவில் ஒரு போன் வந்தால் போதும், மூன்றா நாலா என்ற சந்தேகம் வந்துவிடும். முளை பற்றாத கல்லாங்காட்டில் புளியங்கொட்டையை மடியில் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாக மாற்றலாம்.

எல்லாப் பக்கமும் முடிந்ததும் எதிர்த் திசையில் ஒருமுறை அளங்கள். ஆட்களும் இடம் மாறிக்கொள்ளட்டும். இரண்டு அளவுக்கும் 100 அடிக்கு ஒரு இஞ்ச்சுக்குள் வித்தியாசம் இருந்தால் சராசரி எடுக்கலாம். அதற்கு மேல் போனால் சராசரி எடுப்பது தப்பை மறைப்பது. மூன்றாம் முறை அளங்கள்.

7. மேடு பள்ளம் இருந்தால்

பத்திரத்திலும் புலப்படத்திலும் உள்ள நீளம் மட்டத்தில் பார்த்த நீளம். நிலத்தின் சரிவோடு டேப்பைப் படுக்க வைத்தால் எப்போதும் கூடுதலாகத்தான் வரும்.

எவ்வளவு கூடும் என்று தெரிந்துகொண்டால் எங்கே மெனக்கெட வேண்டும் என்று தெரியும். 100 அடி நீளத்தில் 3 அடி ஏற்றம் இருந்தால் அரை இஞ்ச், விட்டுவிடலாம். 5 அடி ஏற்றமென்றால் ஒன்றரை இஞ்ச். 10 அடி ஏற்றமென்றால் 6 இஞ்ச், அதை விட முடியாது.

அப்படிப்பட்ட இடத்தில் படிப்படியாக இறங்கி அளங்கள். மேட்டில் இருப்பவர் பூஜ்யத்தைத் தரையில் பிடிக்கட்டும். கீழே இருப்பவர் டேப்பை இடுப்பளவுக்குத் தூக்கி மட்டமாக்கி, அந்த இடத்திலிருந்து தூக்குக்குண்டை விட்டு, குண்டு தொடும் இடத்தில் முளை அடிக்கட்டும். அடுத்த படி அந்த முளையிலிருந்து. ஒரு படி 20, 30 அடிக்கு மேல் வேண்டாம். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்குவதே வசதி. ஏறும்போது பூஜ்யம் பிடிக்கிறவரும் தூக்குக்குண்டோடு தொங்க வேண்டியிருக்கும்.

8. மூலைக்கு மூலை

இந்த வழிகாட்டி முழுவதும் இந்த ஒரு பகுதிக்காகத்தான்.

ஊதியூர் பக்கம் ஒரு மனை. முதல் பகுதியில் பத்திரத்திலிருந்து காட்டிய அளவுகள் அந்த மனையுடையவை: வடபுறம் 62 அடி 6 இஞ்ச், கீழ்புறம் 81 அடி, தென்புறம் 58 அடி 3 இஞ்ச், மேல்புறம் 84 அடி 9 இஞ்ச். நாலு பக்கமும் பத்திரப்படி சரியாக வந்தது. என்னோடு வந்த அக்கா மகன் டேப்பைச் சுருட்ட ஆரம்பித்துவிட்டான்.

"ஏனுங்க மாமா, அதான் நாலு பக்கமும் அளந்தாச்சில்லீங்க. அப்பறம் குறுக்க எதுக்குங்க?"

பக்கத்தில் கிடந்த தட்டப்பயிர்க் கொடிக்கு ஊன்றும் குச்சி நாலை எடுத்து, நுனிகளை நூலால் கட்டிச் சதுரமாக அவன் கையில் கொடுத்தேன். ஒரு மூலையைப் பிடித்து லேசாக அழுத்தினான். சதுரம் சாய்ந்தது. இன்னும் அழுத்தினான், இன்னும் சாய்ந்தது. குச்சியின் நீளம் நாலும் அப்படியே இருந்தது, உள்ளே இருந்த இடம் மட்டும் குறைந்துகொண்டே போனது. மூலைக்கு மூலை ஒரு குச்சியை வைத்துக் கட்டியதும் அசையாமல் நின்றது.

நாலு பக்கத்தின் நீளம் தெரிந்தாலும் மனை எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று தெரியாது. மூன்று பக்கம் தெரிந்த முக்கோணம் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். குறுக்கே ஒரு அளவு எடுத்ததும் மனை இரண்டு முக்கோணமாகிவிடும், அதற்குப் பிறகு அது சாய முடியாது.

அந்த மனையில் வாயு மூலையிலிருந்து அக்கினி மூலைக்கு 118 அடி வந்தது. ஈசானியிலிருந்து கன்னி மூலைக்கு 84 அடி 3 இஞ்ச். இரண்டு குறுக்களவுக்கும் 33 அடி 9 இஞ்ச் வித்தியாசம். இட்டேரி சாய்வாகப் போகிறது, மனையும் அதோடு சாய்ந்திருக்கிறது. கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியவில்லை.

இரண்டு குறுக்களவையும் எடுங்கள். கணக்குக்கு ஒன்று போதும், இரண்டாவது அதைச் சரிபார்க்க.

குறுக்கே கிணறோ, நிற்கும் மக்காச்சோளமோ, மாட்டுக் கட்டுத்தரையோ இருந்தால் மற்றக் குறுக்களவை மட்டும் எடுங்கள். இரண்டுமே முடியவில்லையென்றால் ஒரு மூலையில் சிறு முக்கோணம் போடலாம். வாயு மூலையிலிருந்து வடபுறக் கோட்டில் 20 அடியில் ஒரு முளை, மேல்புறக் கோட்டில் 20 அடியில் ஒரு முளை அடித்து, இரண்டு முளைக்கும் இடையே அளங்கள். இந்த மனையில் அது 22 அடி 4 இஞ்ச். இனி கணக்கு: அந்த மூலையில் சேரும் இரண்டு பக்கத்தின் வித்தியாசத்தை வர்க்கமாக்குங்கள். இரண்டு பக்கத்தையும் பெருக்கி, அதை 22.33-ஐ 20-ஆல் வகுத்து வந்ததன் வர்க்கத்தால் பெருக்குங்கள். இரண்டையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஈசானி, கன்னி மூலைகளுக்கு இடையிலான குறுக்களவு, 84 அடி 3 இஞ்ச்.

ஆனால் இதை வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யுங்கள். சிறு முக்கோணத்தில் ஒரு இஞ்ச் தப்பினால் இந்த மனையில் குறுக்களவு மூன்றரை இஞ்ச் தப்பும்.

9. எல்லை வளைந்து போனால்

ஓடை ஓரத்து எல்லையும் இட்டேரி ஓரத்து எல்லையும் நேராக இராது. இரண்டு கல்லுக்கும் நேராக நூல் கட்டி, அதையே பக்கமாக எண்ணி மேலே சொன்னபடி அளந்து முடியுங்கள். பிறகு நூலுக்கும் வளைவுக்கும் நடுவில் உள்ள துண்டை மட்டும் தனியாகப் பாருங்கள்.

நூல் ஓரமாக 10 அடிக்கு ஒரு சுண்ணாம்புப் புள்ளி. ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் வளைவு வரை செங்குத்தாக 5 மீட்டர் டேப்பால் அளங்கள். செங்குத்து சரியா என்று பார்க்க எளிய வழி உண்டு. வளைவு விளிம்பில் டேப்பின் பூஜ்யத்தைப் பிடித்துக்கொண்டு, மறுமுனையை நூலின் மேல் இப்படியும் அப்படியும் வீசுங்கள். எந்த இடத்தில் எண் மிகக் குறைவாக வருகிறதோ அதுதான் செங்குத்து.

50 அடி நீளத்தில் 0, 2, 3½, 4, 2½, 0 அடி என்று வந்தால், நடுவில் உள்ள எண்களை முழுதாகவும் இரு ஓர எண்களைப் பாதியாகவும் கூட்டி 10-ஆல் பெருக்குங்கள்: 12 × 10 = 120 சதுர அடி, கால் சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். வளைவு நூலுக்கு வெளியே போனால் மொத்தத்தில் கூட்டுங்கள், உள்ளே வந்தால் கழியுங்கள். எந்தப் பக்கம் என்பதை நிலத்தில் நிற்கும்போதே படத்தில் குறிக்காவிட்டால் வீட்டில் நினைவுக்கு வராது.

10. கணக்கும் ஒப்பீடும்

முக்கோணத்தின் மூன்று பக்கத்தையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அந்தப் பாதியிலிருந்து ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனியே கழியுங்கள். பாதியையும், கழித்து வந்த மூன்று எண்ணையும் ஒன்றோடொன்று பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் சதுர அடி.

வடக்கு முக்கோணம் 62.5, 81, 118. பாதி 130.75. கழித்து வருவது 68.25, 49.75, 12.75. பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் 2379 சதுர அடி. தெற்கு முக்கோணம் 118, 58.25, 84.75. பாதி 130.5. கழித்து வருவது 12.5, 72.25, 45.75. வர்க்கமூலம் 2322. மொத்தம் 4701 சதுர அடி. மற்றக் குறுக்களவான 84.25-ஐ வைத்து மறுபடி போட்டால் 4702. இரு வழியும் இவ்வளவு நெருங்கி வந்தால் அளந்து எழுதியதில் பெரிய பிழை இல்லை எனலாம்.

ஒரு சென்ட் 435.6 சதுர அடி. அப்படியானால் மனை 10.79 சென்ட்.

விற்பவர் சொன்னது பதினொன்றரை. அவர் பொய் சொல்லவில்லை. ஊரில் எல்லோரும் போடும் கணக்கைப் போட்டிருக்கிறார்: எதிரெதிர்ப் பக்கங்களைச் சராசரி எடுத்து, 60.375-ஐ 82.875-ஆல் பெருக்கினால் 5004 சதுர அடி, 11.49 சென்ட். மூலைகள் மூலைமட்டமாக (செங்கோணமாக) இருக்கும் மனைக்குத்தான் அந்தக் கணக்கு சரி. சாய்ந்த மனையில் அது எப்போதும் கூட்டியே காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. அதனால் அந்தக் கணக்கை நம்பினால் நட்டம் எப்போதும் வாங்குபவருக்குத்தான். இங்கே முன்னூறு சதுர அடி, ஒரு நல்ல படுக்கையறையும் சமையலறையும் அடங்கும் இடம். நோட்டைக் காட்டியதும் விற்பவரே ஒருமுறை குறுக்கே டேப் பிடித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார்.

பட்டாவோடு ஒப்பிடும்போது அங்கே பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். 0 – 04.37 என்றால் ஹெக்டேர் ஏதுமில்லை, 4.37 ஏர். ஒரு ஏர் 100 சதுர மீட்டர், 2.47 சென்ட். ஆக 4.37 ஏர் என்பது 10.79 சென்ட். பழைய லிங்க்ஸ் படமானால் ஒரு சதுர செயின் 10 சென்ட் என்று நினைவில் வைத்தால் போதும்.

உங்கள் அளவுக்கும் காகிதத்துக்கும் ஒரு பக்கம் மட்டும் பெரிதாக ஒத்துவரவில்லையென்றால் முதலில் உங்கள் எண்ணைச் சந்தேகியுங்கள், அடுத்து 'கல் இல்லை' என்று எழுதிய மூலையை. அப்புறமும் ஒத்துவராவிட்டால், கல்லை நகர்த்தவோ புதிதாக நடவோ கூடாது. அது நம் வேலை இல்லை. தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டம், 1923-இன்படி எல்லையைக் காட்டித் தருவது அரசு நில அளவரின் பொறுப்பு. தாலுகா அலுவலகத்துக்கு மனுக் கொடுத்து, கட்டணம் கட்டி, பக்கத்துக் காட்டுக்காரரும் இருக்கும்போது அளக்கச் சொல்லுங்கள். அன்றைக்கு உங்கள் கைப்படத்தை எடுத்துப் போனால் எந்த மூலையில் சந்தேகம் என்று நேராகக் காட்டலாம்.

11. கிளம்பும் முன்

நோட்டுப் பக்கத்தை நிலத்தில் நிற்கும்போதே போனில் படம் எடுங்கள். தேதி, யார் யார் உடன் இருந்தார்கள் என்பதும் அந்தப் பக்கத்தில் இருக்கட்டும். முளைகளைப் பிடுங்கிவிடுங்கள், ஆடு மாடு மேயும் இடம். கல் இல்லாத மூலையில் அடித்த முளையை மட்டும் விடலாம்.

பிறகு டேப். செம்மண் ஒட்டியபடியே சுருட்டினால் உள்ளே போகும் மணல் எண்களைத் தேய்க்கும். முதலில் அழிவது அதிகம் புழங்கும் முதல் பத்து அடிதான். ஈரத்துணியை இரண்டு விரலில் மடித்து டேப்பை அதன் நடுவே விட்டுச் சுருட்டுங்கள். வீட்டுக்குப் போனதும் ஒருமுறை முழுக்க இழுத்து நிழலில் காயவிட்டு, தளர்வாகச் சுருட்டி வையுங்கள். ஸ்டீல் டேப்பானால் காய்ந்த பின் தேங்காய் எண்ணெய் தொட்ட துணியால் ஒரு துடைப்பு.